ஃபிலடெல்ஃபியா டிராலி நடுவழியில் நின்றால்: நெரிசல் நேரத் தாமதம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம்மூரில் டிராலி என்றால் விமான நிலையத்தில் பெட்டி தள்ளும் வண்டி. ஃபிலடெல்ஃபியாவில் டிராலி என்பது தெருத் தண்டவாளத்தில் ஓடும் மின்வண்டி. சென்னையில் 1953 வரை ஓடிய டிராமின் இனம். நகர மையத்துக்கும் மேற்கு, தென்மேற்குப் பகுதிகளுக்கும் இடையே இதில் தினமும் போய்வருபவர்களுக்காக இந்தப் பக்கம். பென், ட்ரெக்சல் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் மாணவர்களுக்கும் உதவும்.

எந்தெந்தத் தடங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

நகரப் பொதுப் போக்குவரத்தை நடத்தும் செப்டா நிறுவனம் இப்போது 'டி' (T) என்ற ஆங்கில எழுத்தில் அழைக்கும் ஐந்து தடங்கள். டி1 (பழைய எண் 10) லான்காஸ்டர் அவென்யூ வழி. டி2 (34) பால்டிமோர் அவென்யூ. டி3 (13) செஸ்டர் அவென்யூ. டி4 (11) உட்லண்ட் அவென்யூ. டி5 (36) எல்ம்வுட் அவென்யூ. தெருவில் ஐந்தும் தனித்தனி. நகர மையத்தை நெருங்கும்போது சுரங்கத்துக்குள் இறங்கி ஒரே தண்டவாளத்தில் சேர்ந்துவிடும். சுரங்க நிலையங்கள் கிழக்கிலிருந்து மேற்காக: 13, 15, 19, 22, 30, 33 ஆம் தெருக்கள். 33-க்குப் பிறகு டி1 மட்டும் பிரிந்து 36 ஆம் தெரு வாயில் வழியாக மேலே ஏறும். மற்ற நான்கும் 36–சான்சம், 37–ஸ்புரூஸ் நிலையங்களைத் தாண்டி 40 ஆம் தெரு வாயிலில் வெளியே வரும்.

சுரங்கத்தின் கிழக்குப் பகுதி 1905-இல் திறந்தது. மேற்கே நீட்டியது 1955-இல்.

ஒரு வண்டி நின்றால் ஐந்து தடமும் ஏன் நிற்கிறது?

முன்னால் நிற்கும் வண்டியைத் தண்டவாளத்தில் முந்த முடியாது என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி வண்டியின் அமைப்பில் இருக்கிறது. இப்போது ஓடும் கவாசாகி வண்டிகள் 1980-களின் தொடக்கத்தில் வந்தவை. ஓட்டுநர் இருக்கை ஒரு முனையில் மட்டும், கதவுகள் வலப்பக்கம் மட்டும். மெட்ரோ ரயில் போல ஓட்டுநர் மறு முனைக்கு நடந்துபோய்த் திரும்ப ஓட்டிவர இது ஆகாது. வண்டி திரும்ப வேண்டுமானால் வளைவுத் தண்டவாளம் வேண்டும். சுரங்கத்தின் கிழக்கு முனையில், 13 ஆம் தெரு நிலையத்தருகே, அப்படி ஒரு வளைவு இருக்கிறது.

மேற்கே போகும் தடத்தில், 22 ஆம் தெருவில் ஒரு வண்டி நின்றுவிட்டது என்று வையுங்கள். எதிர்த்தடம் காலியாகத்தான் இருக்கும். ஆனால் அதில் வரும் வண்டிகள் 13-க்குப் போய், வளைவில் திரும்பி, அதே அடைப்பின் பின்னால்தான் வந்து நிற்க வேண்டும். உள்ளே போகலாம், வெளியே வர வழியில்லை. அதனால்தான் கட்டுப்பாட்டு அறை இரண்டு திசையையும் நிறுத்துகிறது. "எதிர்ப்பக்கம் காலியா இருக்கே, ஏன் விட மாட்டேங்கிறாங்க?" என்று மேடையில் எழும் முணுமுணுப்புக்கு விடை இதுதான்.

பழுது 33-க்கு மேற்கே, 37–ஸ்புரூஸ் பக்கம் என்றால் டி1 தப்பித்துக்கொள்ளும். அறிவிப்பில் "எந்த இடத்தில்" என்ற சொல்லைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். "எந்தத் தடம்" என்பது இரண்டாவது.

"15 நிமிடம்தான் நின்றது" என்கிறார்கள். எனக்கு ஏன் முக்கால் மணி நேரம் போனது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நெரிசல் நேரத்தில் ஒவ்வொரு தடத்திலும் 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று கொள்வோம். ஐந்து தடம் சேர்ந்தால் சுரங்கத்தில் 2 நிமிடத்துக்கு ஒன்று. 15 நிமிட அடைப்பில் ஏழெட்டு வண்டிகள் வரிசை கட்டும். வழி திறந்ததும் நிமிடத்துக்கு ஒன்றாக விட முடிந்தாலும், பின்னால் புதிய வண்டிகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். வரிசை நிமிடத்துக்கு அரை வண்டி வீதம்தான் குறையும். முழுதாகக் கரைய இன்னொரு 15 நிமிடம்.

இது வண்டிகளின் கணக்கு. ஆட்களின் கணக்கு இதைவிட மோசம். முதலில் வரும் வண்டியில் கால் மணி நேரக் கூட்டம் ஏறும். கவாசாகி வண்டியில் படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும், அதனால் ஏற்றம் மெதுவாகவே நடக்கும். அந்த வண்டி ஒவ்வொரு நிலையத்திலும் கூடுதலாக நிற்கும். அதன் வால் பிடித்துக் காலி வண்டிகள் ஊரும். இதற்குள் உங்கள் தடத்து வண்டிகள் மூன்று அடுத்தடுத்துப் போய்விட்டால், கடைசி முனையிலிருந்து அவை திரும்பி வருவதும் ஒன்றாகத்தான். இடையில் அரை மணி நேரம் எதுவும் வராது. காலை 8 மணிப் பழுதுக்கு 9:15-க்கும் ஒருவர் எல்ம்வுட் அவென்யூவில் காத்து நிற்பது இப்படித்தான்.

எது அதிகமாகக் கெடுகிறது?

வண்டிக் கூரையைப் பாருங்கள். நீண்ட கோல் ஒன்று பின்பக்கம் சாய்ந்து நிற்கும். அடியில் உள்ள ஸ்பிரிங் அதை எப்போதும் மேலே உந்திக்கொண்டிருக்கும். கோலின் நுனியில் ஓர் உலோகப் பிடி. அதற்குள் குழி வெட்டிய கரித்துண்டு. அந்தக் குழிக்குள் மேல்நிலைச் செப்புக் கம்பி உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு போகும். மின்சாரம் சுமார் 600 வோல்ட் நேர்மின்சாரம். கம்பி வழியாக வந்து தண்டவாளம் வழியாகத் திரும்பும். வண்டிக்கும் மின்சாரத்துக்கும் உள்ள தொடர்பு அந்தக் கரித்துண்டு ஒன்றுதான்.

கோல் கம்பியை விட்டு நழுவுவதே நாம் அதிகம் பார்க்கும் கோளாறு. பாதை பிரியும் இடங்களில் கம்பியும் பிரியும். அங்கே மாட்டியிருக்கும் உலோகத் தகட்டுக்கு ஊழியர் வழக்கில் பெயரே 'தவளை'. வண்டி திரும்பும் திசையைப் பார்த்துக் கோல் தானாகச் சரியான கம்பிக்கு மாற வேண்டும். வேகம் கூடினால் தவறான கம்பியில் ஏறும், அல்லது எதிலும் ஏறாமல் மேலே எகிறும். எகிறினால் கோல் சவுக்குப் போல வீசி, கம்பியைத் தாங்கும் பிடிப்புகளை உடைத்துவிடக்கூடும். இதைத் தடுக்கத்தான் கோலின் நுனியிலிருந்து ஒரு கயிறு இறங்கி, வண்டியின் பின்புறத்தில் உருளை வடிவப் பெட்டிக்குள் சுற்றியிருக்கிறது. காரில் சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறதே, அதே தத்துவம். அந்தப் பெட்டி ஒழுங்காக வேலை செய்தால் இரண்டு நிமிடக் கோளாறு. செய்யாவிட்டால் மாலை முழுக்க.

அடுத்தது கதவு. எல்லாக் கதவும் மூடியது என்ற சமிக்ஞை வராதவரை வண்டி நகராது. நெரிசலில் முதுகுப்பை ஒன்று கதவை அழுத்திக்கொண்டிருந்தாலும் போதும். படியில் நிற்பவர்களை உள்ளே தள்ளி நிற்கச் சொல்லி ஓட்டுநர் கத்துவது கோபத்தில் அல்ல.

பிரேக் பூட்டிக்கொள்வது, தண்டவாளத்தில் இலையுதிர்கால இலைகள் நசுங்கிச் சக்கரம் வழுக்குவது, தெருவில் தீயணைப்புக் குழாய் குறுக்கே கிடப்பது எல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

2025 நவம்பரில் சுரங்கத்தை ஏன் மூடினார்கள்?

மேலே சொன்ன கரித்துண்டால். அதற்கு முன் 3 அங்குல நீளத் துண்டுகள் இருந்தன. அதிக நாள் உழைக்கும், அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை என்று 4 அங்குலத்துக்கு மாற்றினார்கள். எதிர்பார்ப்புக்கு மாறாக அவை வேகமாகத் தேய்ந்தன. கரி தேய்ந்து தீர்ந்தால் உலோகப் பிடி நேரடியாகச் செப்புக் கம்பியில் உராயும்; அரம் வைத்து ராவியது போலக் கம்பி மெலியும். அக்டோபரில் ஒரே வார இடைவெளியில் இரண்டு முறை வண்டிகள் சுரங்கத்துக்குள் நின்றன. முதல் முறை சுமார் 150 பயணிகள், இரண்டாம் முறை சுமார் 300 பயணிகள் இறக்கி வெளியே அழைத்து வரப்பட்டார்கள். நவம்பர் தொடக்கத்தில் சுரங்கமே மூடப்பட்டது.

3 அங்குலத்துக்குத் திரும்பியதோடு கதை முடியவில்லை. சொரசொரப்பான கம்பி புதிய கரியையும் தின்றுவிடும். கரி கெட்டால் கம்பி கெடும், கம்பி கெட்டால் கரி கெடும். அதனால் கம்பியையும் மாற்ற வேண்டி வந்தது. மேல்நிலைக் கம்பிப் பழுது என்ற அறிவிப்பைக் கேட்டால் காத்திருக்காதீர்கள் என்று நாங்கள் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

வண்டி நின்றதும் என்ன பழுது என்று உள்ளேயிருந்தே ஊகிக்க முடியுமா?

ஓரளவு முடியும்.

கூரையில் 'டக்' என்று ஓர் அடி, காற்றூதியின் சத்தம் சட்டென அடங்குகிறது, அவசர விளக்குகள் மட்டும் மங்கலாக எரிகின்றன: கோல் நழுவியிருக்கிறது. ஓட்டுநர் இறங்கிப் பின்னால் போவார். ஐந்து நிமிடம் பொறுக்கலாம்.

விளக்கு, காற்று எல்லாம் வழக்கம்போல. கதவு மட்டும் திறந்து திறந்து மூடுகிறது: கதவுச் சமிக்ஞை.

விளக்கு எரிகிறது, வண்டி அசையவில்லை, வயர்லெஸ்ஸில் ஓட்டுநர் தொடர்ந்து பேசுகிறார்: ஒன்று முன்னால் அடைப்பு, இல்லை பிரேக். முன் கண்ணாடி வழியே வேறொரு வண்டியின் பின்விளக்கு தெரிந்தால் அடைப்பு.

உங்கள் வண்டியும் பக்கத்துத் தடத்தில் நிற்கும் வண்டியும் சேர்ந்து இருண்டுவிட்டன: அந்தப் பகுதிக்கே மின்சாரம் போய்விட்டது, அல்லது நிறுத்தியிருக்கிறார்கள். நிலையத்தில் இருந்தால் அப்போதே கிளம்பிவிடுங்கள். நிலைய விளக்கு எரிகிறதே என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். வண்டிக்கு வரும் மின்சாரம் வேறு.

ஓட்டுநர் வெளியே போய்க் கயிற்றைப் பிடித்து என்ன செய்கிறார்?

கயிற்றை இழுத்துக் கோலைக் கம்பிக்குக் கீழே கொண்டுவந்து, நுனியின் குழியைக் கம்பிக்கு நேராக வைத்து மெல்ல விடுகிறார். தெரு வெளிச்சத்தில் ஒரு நிமிட வேலை. சுரங்க இருட்டில், மழையில், பின்னால் வண்டி ஒட்டி நிற்கும்போது அப்படி இல்லை. கரித்துண்டு உடைந்தோ கழன்றோ இருந்தால் கோலை மாட்டிப் பயனில்லை; வண்டியைத் தள்ளித்தான் நகர்த்த வேண்டும்.

பின்னால் இருக்கும் வண்டியை வைத்துத் தள்ளிவிடலாமே?

அதைத்தான் செய்கிறார்கள், ஆனால் அது கடைசிக்கு முந்தைய வழி. முதலில் ஓட்டுநர் கட்டுப்பாட்டு அறையுடன் பேசி மின்சுற்றுகளை நிறுத்தி மீண்டும் போட்டுப் பார்ப்பார். பிரேக் பூட்டியிருந்தால் விடுவிக்க வேண்டும். பழுதானால் பிடித்துக்கொள்ளும்படிதான் பிரேக்கை அமைத்திருப்பார்கள், அதனால் வெறுமனே தள்ளினால் நகராது. பிறகு இரண்டு வண்டிகளிலிருந்தும் பயணிகளை இறக்க வேண்டும். இழுவைத் தண்டை இரண்டுக்கும் நடுவே மாட்ட வேண்டும். பின்வண்டி ஓட்டுநருக்கு முன்னால் எதுவும் தெரியாது. முன்வண்டியில் ஒருவர் நின்று வழி சொல்ல, நடைவேகத்தில் தள்ளிப் போவார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் 20 முதல் 40 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

சுரங்கத்துக்குள், இரண்டு நிலையங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டேன். நானே கதவைத் திறந்து இறங்கலாமா?

கூடாது. கோலும் கம்பியும் தலைக்கு மேலேதானே, கீழே என்ன ஆபத்து என்று தோன்றலாம். 15-க்கும் 30-க்கும் இடையே சுரங்கத்தில் நான்கு தண்டவாளங்கள். ஓரத்தில் இருக்கும் இரண்டும் டிராலிக்கு, நடுவில் இருக்கும் இரண்டும் 'எல்' எனப்படும் மெட்ரோ ரயிலுக்கு. எல் ரயிலுக்கு மின்சாரம் தரையோரம் போகும் மூன்றாவது தண்டவாளத்தில் வருகிறது. டிராலி நின்றுவிட்டதால் எல் ரயிலும் நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அறுந்த கம்பி கீழே தொங்கிக்கொண்டிருக்கவும் கூடும்.

மின்சாரத்தை நிறுத்தியதை உறுதிசெய்த பிறகு ஊழியர்கள் வந்து வரிசையாக அழைத்துப்போவார்கள். கைபேசி விளக்கைக் காலடியில் காட்டுங்கள். தண்டவாளத்தின் சிலிப்பர் கட்டைகளும் சரளையும் மேடுபள்ளமாக இருக்கும். பெரிய பையை ஒரு தோளில் தொங்கவிடாமல் முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் முதலிலேயே ஓட்டுநரிடம் சொல்லிவிடுவது நல்லது. யாரை முதலில் இறக்குவது என்பதை அது மாற்றும்.

"40 ஆம் தெருவுக்கு மாற்றிவிட்டோம்" என்கிறார்கள். எந்த 40 ஆம் தெரு?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். 40 ஆம் தெருவில் இரண்டு இடங்கள் இருக்கின்றன.

ஒன்று, டிராலி சுரங்கத்திலிருந்து வெளியே வரும் வாயில். இது பால்டிமோர் அவென்யூ அருகே. மற்றது, மார்க்கெட் தெருவில் உள்ள எல் ரயில் நிலையம். இரண்டுக்கும் இடையே 10 முதல் 12 நிமிட நடை.

சுரங்கம் மூடினால் டி2 முதல் டி5 வரையான வண்டிகள் வாயிலில் இறங்காமல், தெருத் தண்டவாளம் வழியாக 40–மார்க்கெட்டுக்குத் திருப்பிவிடப்படும். அங்கே எல் ரயிலுக்கு மாற வேண்டும். மாலையில் இதன் தலைகீழ்: 15-இல் எல் ஏறி, 40-இல் இறங்கி, மேலே தெருவில் டிராலி பிடிப்பது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், பழுது தொடங்கிய முதல் சில நிமிடங்களில் இந்த மாற்றம் இன்னும் நடைமுறைக்கு வந்திருக்காது. அப்போது 40–மார்க்கெட்டுக்குப் போனால் அங்கே டிராலியே இருக்காது. வாயிலுக்கு மேற்கே மாட்டாமல் ஓடும் வண்டியும் உங்களுக்குக் கிடைக்காது. திருப்பிவிட்டதாக அறிவிப்பு வந்ததா என்று எல் ரயிலில் ஏறும் முன் ஒருமுறை பாருங்கள். வராவிட்டாலும் எல்லில் போவதே எங்கள் யோசனை. போய்ச் சேரும்போது பெரும்பாலும் மாற்றம் நடந்திருக்கும். இல்லையென்றால் வாயில் வரை நடக்கலாம்.

டி1 பயணிகளுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. லான்காஸ்டர் அவென்யூவில் 40 ஆம் தெருப் பக்கம் இருப்பவர்கள் தெற்கே நடந்தால் அதே எல் நிலையத்தை அடையலாம்.

நான் நிற்கும் நிலையத்திலிருந்து மாற்று வழி என்ன?

13, 15, 30-இல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், எல் ரயில் அங்கேயே இருக்கிறது. 33-இல் இருந்தால் மேலே ஏறி மேற்கே ஒரு தெரு நடந்தால் 34 ஆம் தெரு எல் நிலையம். 36–சான்சத்திலிருந்தும் அதுவே பக்கம்.

19-உம் 22-உம்தான் தலைவலி. எல் ரயில் அங்கே நிற்காமல் கடந்து போய்விடும். சத்தம் மட்டும் கேட்கும். 19-இலிருந்து கிழக்கே நடந்து 15-க்குப் போங்கள். 22-இலிருந்து ஆற்றுப்பாலம் தாண்டி 30-க்கு நடப்பது மேல், குறிப்பாக மாலையில். 15-க்கு வந்தால் எல் ஏற்கெனவே நிரம்பித்தான் வரும். 30-இல் அமெரிக்காவின் நீண்டதூர ரயில்களுக்கும் புறநகர் ரயில்களுக்கும் மாறுபவர்கள் இறங்குவதால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பால்டிமோர், செஸ்டர் அவென்யூ பக்கம் குடியிருப்பவர்கள் புறநகர் ரயிலை மறந்துவிடுகிறார்கள். 49 ஆம் தெரு நிலையமும் அங்கோரா நிலையமும் மீடியா–வாவா தடத்தில் இருக்கின்றன. வண்டிகள் அடிக்கடி வராது, கட்டணமும் வேறு. ஆனால் நேரம் ஒத்துவந்தால் டிராலியைவிடச் சீக்கிரம். பேருந்தில் என்றால் 21-உம் 42-உம். மேலே தெரு நெரிசலுக்குத் தயாராகப் போங்கள்.

எல் ரயிலுக்கு மாறினால் மறுபடி காசு கொடுக்க வேண்டுமா?

13, 15, 30 நிலையங்களில் கட்டண வாயிலுக்கு உள்ளேயே மாறலாம். 40-இல் வெளியே வந்து ஏற வேண்டும். செப்டா கீ அட்டையையோ தட்டிப் போகும் வங்கி அட்டையையோ பயன்படுத்தியிருந்தால் மாற்றுப் பயணமாகக் கணக்காகும். இரண்டிலும் ஒரே அட்டையைத் தட்ட வேண்டும். காலையில் கைக்கடிகாரத்தையும் மாற்றும்போது பிளாஸ்டிக் அட்டையையும் தட்டினால் இயந்திரத்துக்கு நீங்கள் இரண்டு பேர். ரொக்கம் கொடுத்து ஏறியவருக்கு இலவச மாற்று கிடையாது.

செயலி 4 நிமிடம் என்கிறது, 4 நிமிடமாகவே இருக்கிறது. ஏன்?

சுரங்கத்துக்குள் செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டாது. எண் குறையாமல் நின்றால் வண்டியும் நிற்கிறது என்று கொள்ளுங்கள். வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ஒரே தடத்து வண்டிகள் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தால் பின்னால் இடைவெளி நீளம் என்று பொருள். அந்தக் கும்பலில் ஒன்றைத் தவறவிடாதீர்கள்.

நெரிந்து வரும் முதல் வண்டியில் ஏறவா, அடுத்ததுக்கு நிற்கவா?

கும்பலாக வருகின்றன என்று தெரிந்தால் இரண்டாவதில் ஏறுங்கள். முதல் வண்டியை அது முந்தாது, ஆனால் உட்கார்ந்து போகலாம். சில சமயம் கட்டுப்பாட்டு அறை முதல் வண்டியைப் பாதி வழியில் திருப்பிவிடும். எல்லோரும் இறங்கி இரண்டாவதுக்கே வருவார்கள். நகர மையத்தில் ஏறும்போது முகப்புப் பலகையில் கடைசி நிறுத்தத்தின் பெயரைப் படியுங்கள்.

சக்கர நாற்காலியில் பயணிப்பவர்கள்?

இந்த ஐந்து தடங்களின் இப்போதைய டிராலிகளில் படிக்கட்டு மட்டுமே, நாற்காலியை ஏற்றும் தூக்கி இல்லை. டிராலிக்குப் பதிலாகப் பேருந்து விடும் நாட்களில் சாய்தளம் உண்டு. அந்த வகையில் பழுது நாளில்தான் இவர்களுக்கு வழி திறக்கிறது என்பது கொஞ்சம் வெட்கக்கேடு.

தண்டவாளத்தை ஒட்டி யாரோ காரை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். என்ன ஆகும்?

பேருந்தாக இருந்தால் ஒதுங்கிப் போகும். டிராலிக்கு ஓர் அங்குலம்கூட ஒதுங்க வழியில்லை. ஓட்டுநர் மணி அடிப்பார், காத்திருப்பார், பிறகு கட்டுப்பாட்டு அறையிடம் சொல்வார். காரை இழுத்துப்போக வண்டி வரவேண்டும், அதுவும் அதே நெரிசலுக்குள். உரிமையாளர் பெரும்பாலும் எதிரே உள்ள கடையில்தான் இருப்பார். பனி பெய்த மறுநாள் இது இரட்டிப்பாகும். ஓரத்தில் பனி குவிந்திருப்பதால் கார்கள் ஒரு முழம் வெளியே தள்ளி நிற்கும்.

புது வண்டிகள் வந்தால் தாமதம் குறையுமா?

ஆல்ஸ்டோம் நிறுவனத்திடம் 130 புதிய டிராலிகளுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். தரைமட்டத்தில் ஏறலாம், நீளம் 80 அடி, இப்போதையது 50 அடி. ஒரே சமயத்தில் பல கதவுகளில் மளமளவென்று ஏறுவதால் நிலையத்தில் நிற்கும் நேரம் குறையும். ஒற்றைக் கோலுக்குப் பதிலாகக் கம்பியைக் கீழிருந்து அகலமாகத் தொட்டு வழுக்கும் பான்டோகிராஃப் வரும். தவளைகளில் நழுவும் தொல்லை அதோடு போகும். ஆனால் அதற்காக மேல்நிலைக் கம்பி முழுவதையும் மாற்றியமைக்க வேண்டும். அந்த வேலைக்கும் சுரங்கத்தை அவ்வப்போது மூடித்தான் ஆகவேண்டும். அந்த நாட்களிலும் 40–மார்க்கெட்டில்தான் இறங்க வேண்டியிருக்கும்.